குளத்துக்குப் பழைய பந்து

மலை மேல் ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. அங்கே யூனிஸ் என்ற பெண் பயிற்சி கொடுத்து வந்தார். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். ஒரு காலத்தில் பெரிய போட்டிகளில் ஆடியவர். மணிக்கட்டு ஒடிந்து சேர்ந்த பிறகு போட்டிகளை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுக்க வந்தார். அவரிடம் கற்க வந்தவர்கள் எல்லோருமே அவரைவிட மூத்தவர்கள். எல்லோரும் அவரைக் கோச் என்றே கூப்பிட்டார்கள்.

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

ஒருமுறை ஒரு பல் மருத்துவர், "அடிக்கும்போது தலை ஆடிடுது கோச், என்ன பண்றது?" என்று கேட்டார். கோச் அவருடைய தொப்பியின் மேல் ஒரு கொய்யாப்பழத்தை வைத்தார். பக்கத்துக் கற்பூர மரத்தில் குரங்குகள் உட்கார்ந்து பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"கீழ விழுந்தா அதுங்க வரும்" என்றார் கோச்.

அன்று மருத்துவரின் தலை ஆடவில்லை.

தணிகாசலம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். கோயம்புத்தூரில் பம்ப் செட் தொழிற்சாலை வைத்திருப்பவர். வாரம் ஒருமுறை மலையேறி வந்து கற்றுக்கொள்பவர். மைதானத்துக்குள் கோச் என்பார். வெளியே டீக்கடையில் அம்மிணி என்பார்.

அன்று அவர் காரிலிருந்து பந்துப் பெட்டிகளாக இறக்கினார். முதல் அடி அடிக்கும் இடத்தை ஒட்டிய பயிற்சித் திடலில், பெஞ்சின் மேல் அடுக்கி, எல்லா மூடிகளையும் திறந்து வைத்தார்.

கோச் கையுறையை மாட்டிக்கொண்டே பார்த்தார்.

"என்ன சார், கடை போட்டுட்டீங்களா?"

"கேலி பண்ணாதீங்க கோச். இதுல எனக்குச் சரியான பந்து எது? நீங்கதான் சொல்லோணும்."

"இத்தனை வருஷம் எதுல ஆடினீங்க?"

"இதுல." ஒரு பந்தை எடுத்துக் காட்டினார். நகம் பட்டாலும் அழுந்தாத கெட்டிப் பந்து. "நல்லாத் தூரம் போகுமுங்க."

"அப்ப அதுவே சரிதானே?"

"சரியா இருந்திருந்தா நான் ஏன் கேக்கறேன்?"

கோச் கையுறையின் பட்டையை இறுக்கினார்.

"ஞாயித்துக்கிழமை ஜோடிப் போட்டி இருக்குதுங்களே" என்றார் தணிகாசலம். "அதுக்கு."

ஜோடிப் போட்டியில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பந்து. ஒருவர் முதல் அடியை அடிப்பார். பந்து எங்கே போய்க் கிடக்கிறதோ அங்கிருந்து மற்றவர் அடிக்க வேண்டும். குழிக்குள் விழும் வரை மாறி மாறி. ஒரு குழிக்கு ஒருவர் தொடங்கினால் அடுத்த குழிக்கு மற்றவர் தொடங்குவார். ஒருவர் எந்த இடத்தில் விடுகிறாரோ அந்த இடம்தான் மற்றவருக்குக் கிடைக்கும்.

"யார்கூட ஆடறீங்க?"

தணிகாசலம் ஒரு பெட்டியை மூடினார். பிறகு அதையே திறந்தார்.

"வசுமதிகூட. என் சம்சாரம்."

கோச் நிமிர்ந்து பார்த்தார். வசுமதி கணவரை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது என்று கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். மலையடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தில், தங்கை வீட்டில் இருக்கிறார். அதைப் பற்றி யாரும் தணிகாசலத்திடம் பேசுவதில்லை.

"சண்டை ஒண்ணும் இல்லீங்க" என்றார் அவர். "ஒரு நாள் காலைல, தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வரேன்னா. சரின்னேன். திரும்பி வரவே இல்ல. போன் பண்ணாப் பேசுவா. சாப்பிட்டீங்களாம்பா. மாத்திரை போட்டீங்களாம்பா. எப்ப வர்றேன்னு கேட்டா மட்டும் சத்தம் வராது."

"நீங்க போய்ப் பாக்கலையா?"

"வாரா வாரம் அந்த வழியாத்தானுங்களே வரேன். தெருமுனைல காரைக் கொஞ்சம் மெதுவா விடுவேன். அவ்வளவுதான்."

"ஓ. அதுக்குத்தான் வாரா வாரம் வர்றீங்க. நான் சொல்லிக்குடுக்கறது நல்லா இருக்குன்னு நெனச்சேன்."

தணிகாசலம் சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

"இந்த வருஷம் ஜோடிக்குப் பேர் குடுக்கட்டுமான்னு கேட்டேன். மொதல்ல, மாத்திரை போட்டீங்களான்னா. அப்புறம், சரி, ஒரு தடவை வரேன்னா. பந்து நீங்க கொண்டு வாங்க, எப்பவும் நீங்கதானே கொண்டு வருவீங்கன்னா." கடைசி வாக்கியத்தை அவர் இன்னொரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். "அவ காரணம் இல்லாம எதையும் சொல்ல மாட்டாளுங்க. சரியான பந்தாக் கொண்டு போகோணும். நல்லா ஆடிட்டம்னா, சாயங்காலம் என்கூடவே கார்ல ஏறிடுவான்னு தோணுது."

கோச் அவருடைய காரைப் பார்த்தார்.

"அவ உக்கார்ற சீட்டு இன்னும் முன்னாடி தள்ளியேதான் கெடக்குது" என்றார் தணிகாசலம். "அவ குட்டை. வேற யார் உக்காந்தாலும் முட்டி இடிக்கும். நான் நகர்த்த விடறதில்ல."

"இந்தக் கெட்டிப் பந்தை எங்க வெச்சுத் தேர்ந்தெடுத்தீங்க சார்?"

"இங்கதான், மொத அடி அடிக்கிற எடத்துல. நிறைய வகை அடிச்சுப் பாத்தேன். இதுதான் ஜாஸ்தி தூரம் போச்சு."

"குழி எங்க இருக்கு?"

தணிகாசலம் மூடுபனிக்குள் கை காட்டினார். "அங்க."

"அங்க போய் அடிச்சுப் பாத்தீங்களா?"

"அங்க பெரும்பாலும் வசுதான் அடிப்பா."

கோச் பெட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வாங்க, நாலு குழி ஆடலாம். நீங்களும் நானும் ஜோடி. உங்க பந்துலயே ஆடுவோம். நான் உங்க இடம். நீங்க அவங்க இடம்."

"நான் வசுவா?"

"ஆமா. மொத அடி அடிச்சதும் நீங்க என்ன சொல்வீங்க?"

"என்னத்தைச் சொல்றது? ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"எல்லாரும் ஏதாவது சொல்வாங்க சார்."

தணிகாசலம் யோசித்தார். காது மடல் சிவந்தது. "பாத்தியா வசு... அப்படிம்பேன்."

"அவங்க அடி தப்பாப் போனா?"

"மெதுவா அடிச்சிருக்கலாம்லம்பேன். திட்டறதில்லீங்க. சும்மா சொல்றதுதான்."

"நல்லாப் போனா?"

"நல்லாப் போனா..." அவர் நினைவில் தேடினார். "நம்ம பந்து அப்படித்தான் போகும்பேன்."

"குளத்துக்கிட்ட?"

நாலாவது குழிக்குப் போகும் வழியில் ஒரு குளம். அதைத் தாண்டி அடிக்க வேண்டும்.

"அங்க மட்டும் பந்தை மாத்திருவேன். நாலாவதுக்கு அவதான் தொடங்கோணும். பையில பழைய பந்து கெடக்கும், எடுத்துக் குடுப்பேன். தண்ணியில போனாலும் பழசுதானேன்னு. எல்லாரும் அப்படித்தானுங்களே செய்யறாங்க."

"எல்லாரும் அப்படித்தான்" என்றார் கோச்.

முதல் குழிக்குக் கோச் தொடங்கினார். பந்து பனியைக் கிழித்துக்கொண்டு போய், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விழுந்தது.

"பாத்தியா வசு!" என்றார் கோச், சத்தமாக.

தூரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. கோச் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று முன்னால் நடந்தார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் தான் பின்னால் நடந்துகொண்டிருப்பது தணிகாசலத்துக்குத் தெரிந்தது.

"கோச்! நான் இப்படித்தான் முன்னாடி போவனுங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்? தூரம் போன பந்தைப் பாக்கற ஆசைல வேகமா நடக்கறேன்."

இரண்டாவது அடி தணிகாசலத்துடையது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையைக் கிரீன் என்பார்கள். அவர் நிதானமாக நின்று அடித்தார். பந்து கிரீனின் நடுவில் விழுந்தது. விழுந்த இடத்தில் நிற்காமல் ஒரு குதி குதித்தது. பிறகு உருண்டது. உருண்டு, பின்பக்கத்து மணல் பள்ளத்துக்குள் இறங்கியது.

"நல்லாத்தானே அடிச்சேன்!"

"மெதுவா அடிச்சிருக்கலாம்ல வசு?"

"மெதுவா அடிச்சா முன்னாடி மேட்டுலயே நின்னுருமே!"

கோச் மணலுக்குள் இறங்கி, பந்தை வெளியே எடுத்துப் போட்டார். அது குழிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. தணிகாசலம் குனிந்து தொட்டாற்போல் உருட்டினார். டக்கென்று ஒரு சத்தம். பந்து சரிவில் வேகம் பிடித்து, குழியை உரசிக்கொண்டு தாண்டிப் போனது.

"நிக்க மாட்டேங்குது" என்றார் தணிகாசலம்.

சொல்லிவிட்டு, குனிந்தபடியே இருந்தார்.

"என்ன சார்?"

"இது அவ சொல்றது."

"அதுக்கு நீங்க என்ன சொல்வீங்க?"

அவர் குழியைத் தாண்டிக் கிடந்த பந்தைப் பார்த்தார். கோச் பந்தைக் குழிக்குள் தள்ளிவிட்டுக் கையால் எடுத்துக்கொண்டு நடந்தார்.

இரண்டாவது குழிக்குத் தணிகாசலம் தொடங்கினார். பல மாதங்களாக அவர் அடித்ததிலேயே அதுதான் நல்ல அடி. பந்து மேலே போய், அவர் நினைத்த இடத்தில் வளைந்து, நினைத்த இடத்தில் விழுந்தது. அவர் திரும்பிக் கோச்சின் முகத்தைப் பார்த்தார்.

"நம்ம பந்து அப்படித்தான் போகும்" என்றார் கோச், பையைத் தூக்கிக்கொண்டே.

தணிகாசலத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

மூன்றாவது குழிக்குக் கோச் அடித்த பந்து மர நிழலில் போய்க் கிடந்தது. வெயிலே படாத இடம். ஈர மண். தணிகாசலம் அடித்தபோது மட்டையின் விளிம்பில்தான் பந்து பட்டது. கல்லை அடித்தது போல இருந்தது. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை ஒரு வலி விறுவிறுவென்று ஏறியது. அவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார்.

"குளிருதா வசு?" என்றார் கோச்.

"குளிரில்லீங்க, பந்து..."

அவர் நிறுத்தினார். தேய்த்துக்கொண்டிருந்த தன் கைகளைக் குனிந்து பார்த்தார்.

வசுமதி இப்படித்தான் செய்வார். அடித்து முடித்ததும் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்வார். பிறகு இரண்டையும் சால்வைக்குள் விட்டுக்கொள்வார். அதைப் பார்த்துத் தணிகாசலம் வருடா வருடம் அவருக்குக் கம்பளிக் கையுறை வாங்கிக்கொடுத்தார். ஒவ்வொரு வருடமும் போன வருடத்தைவிடத் தடிமனானது. வசுமதி போன பிறகு அலமாரியைத் திறந்தால் ஒரு ஜோடி தவிர எல்லாம் அங்கேயே அடுக்கியிருந்தன. பாதிக்கு மேல் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"குளிருதுன்னு நெனச்சேனுங்க" என்றார்.

"கேட்டீங்களா?"

"கையுறை வாங்கிக் குடுத்தேன்."

இருவரும் குளத்துக்கு நடந்தார்கள். தணிகாசலம் இப்போது பின்னால்தான் நடந்தார்.

குளம் பெரியதில்லை. அக்கரையில் ஒரு காட்டெருமை தண்ணீர் குடித்துவிட்டு, வாயில் நீர் ஒழுக இவர்களைப் பார்த்தது. சலிப்போடு திரும்பி மரங்களுக்குள் போனது. தணிகாசலம் பந்தை வைக்கக் குனிந்தார்.

"ஒரு நிமிஷம் சார்."

கோச் அவர் கையிலிருந்து அந்தப் பந்தை வாங்கினார். சட்டைக் கையில் துடைத்தார். தன் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். பையின் அடியில் கைவிட்டு ஒரு பந்தை எடுத்தார். மஞ்சளேறிய பந்து. பக்கவாட்டில் வெட்டு. யாரோ எப்போதோ நீல மையில் வைத்த புள்ளி பாதி அழிந்திருந்தது. அதைத் தணிகாசலத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"கோச், இந்தக் குளத்தை நான் தாண்டிருவேன். எப்பவும் தாண்டறதுதான்."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு இது?"

"தண்ணியில போனாலும் பழசுதானே."

தணிகாசலம் கையில் இருந்ததைப் பார்த்தார். அதைப் புல்லில் வைத்தார். நின்றார். விலகி வந்தார். திரும்பப் போய் நின்றார். அடித்தார்.

பந்து கொஞ்சம் உயர்ந்தது. குளத்தின் நடுவில் விழுந்தது. தவளைகள் சத்தத்தை நிறுத்தின. பிறகு மறுபடி ஆரம்பித்தன.

"பரவால்ல வசு, பழசுதானே" என்றார் கோச். அன்பாகத்தான் சொன்னார்.

தண்ணீரில் வளையங்கள் அடங்கும் வரை தணிகாசலம் அங்கிருந்து நகரவில்லை.

"அவங்க எப்பவும் குளத்துலதான் போடுவாங்களா சார்?" இது கோச்சின் சொந்தக் குரல்.

"இல்லீங்க. ஆரம்பத்துல தாண்டிருவா. மொத வருஷம் தாண்டிட்டு, செருப்பைக் கழட்டி வீசிட்டு ஈரப் புல்லுல ஓடிப் போய்ப் பாத்தா, எங்க விழுந்துதுன்னு. நான் பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே ஓடினேன்."

"அன்னைக்கு என்ன பந்து?"

"அப்ப எங்ககிட்ட நல்ல பந்து ஏதுங்க? எல்லாமே பழசுதான். புதருக்குள்ள கண்டெடுத்தது. கைல எது வருதோ அது."

"அதுல தாண்டினாங்க."

"தாண்டினா."

"எப்ப இருந்து தாண்டாமப் போச்சு?"

தணிகாசலம் விரல்களை மடக்கி வருடங்களை எண்ணிப் பார்த்தார்.

"நான் நல்ல பந்து வாங்க ஆரம்பிச்சப்புறம்" என்றார்.

திரும்பி வந்ததும் பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடிக் காரில் ஏற்றினார். எந்தப் பந்து என்று மறுபடி கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியம் அவர் மீண்டும் மலையேறி வந்தார். முகம் தெளிந்திருந்தது. கையில் ஒரே ஒரு பெட்டி.

"புரிஞ்சிருச்சுங்க கோச்!"

"என்ன புரிஞ்சுது?"

அவர் பெட்டியைப் பெஞ்சின் மேல் வைத்துத் திறந்து, ஒரு பந்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "மெத்துப் பந்து. அடிச்சாக் கை வலிக்காது. கிரீன்ல விழுந்தா விழுந்த எடத்துல நிக்கும். தூரம் கொஞ்சம் கம்மியாத்தான் போகும், போகட்டும், அது என் பாடு. குளத்துக்கும் இதேதான். பையில இருந்த பழசையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன். வசுவுக்கு இதுதான் சரி. ராத்திரியெல்லாம் யோசிச்சு நானே கண்டுபிடிச்சேன்!"

கோச் பந்தை வாங்கினார். நகத்தால் அழுத்திப் பார்த்தார்.

"நல்ல பந்து" என்றார்.

அதை அவர் கையிலேயே திரும்ப வைத்தார். பிறகு, மெதுவாகச் சொன்னார்.

"பாத்தியா வசு."

தணிகாசலத்தின் கை நீட்டியபடியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மடங்கியது. அவர் காரை எடுத்துக்கொண்டு போனபோது பெட்டி பெஞ்சின் மேலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பனி சீக்கிரம் விலகிவிட்டது. வசுமதி தங்கையின் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். தணிகாசலம் அதைக் கவனித்தார். தலைமுடிக்குச் சாயம் போடுவதை வசுமதி நிறுத்தியிருந்தார். நெற்றிக்கு மேலே வெள்ளை. அழகாக இருக்கிறது என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"வந்துட்டியா."

"வந்துட்டேன். சாப்பிட்டீங்களா?"

"ம். நீ?"

"வழில ரெண்டு இட்லி. இளைச்சுட்டீங்க."

"இல்லியே."

"பெல்ட்டுல புது ஓட்டை போட்டிருக்கீங்க."

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

போட்டி நடத்துபவர் முதல் குழியின் அருகே குடைக்குக் கீழே நின்றிருந்தார். ஆடுவதற்கு முன் ஒவ்வொரு ஜோடியும் எந்தப் பந்தில் தொடங்கப்போகிறார்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

"தணிகாசலம் ஜோடி! வாங்க வாங்க. என்ன பந்து சார்? பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

வசுமதி பழக்கத்தில் கையை நீட்டினார். "குடுங்க."

"கொண்டு வரல."

"என்னது?"

"பந்து கொண்டு வரல வசு. நீ எதுல ஆடறே?"

வசுமதி அவரை உற்றுப் பார்த்தார். "என்ன, வெளையாடறீங்களா? எப்பவும் நீங்கதானே..."

"எப்பவும் நான்தான்" என்றார் தணிகாசலம். "இன்னைக்கு நீ சொல்லு."

"சார், நேரமாச்சு" என்றார் போட்டி நடத்துபவர். "என்கிட்ட ரெண்டு இருக்கு, வேணும்னா தரட்டுமா?"

வசுமதி கணவரின் முகத்தைப் பார்த்தார். குளம் இருக்கும் திசையைப் பார்த்தார். நீட்டிய கையை இறக்கினார்.

"தெரியல" என்றார். "நீங்க என்னைக் கேட்டதே இல்லியே. எனக்கு எப்படித் தெரியும்?"

கோபமாகச் சொல்லவில்லை. அது அவருக்கே அப்போதுதான் தெரியவந்தது போல இருந்தது.

"அடிச்சுப் பாத்தாத் தெரியுமா?"

"தெரியலாம்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அதுவும் தெரியல."

தணிகாசலம் திரும்பினார். "எங்க பேரை எடுத்துருங்க" என்றார்.

"என்ன சார், இவ்வளவு தூரம் வந்துட்டு!"

"எடுத்துருங்க."

பயிற்சித் திடலில் கோச் ஒரு வாளியோடு நின்றிருந்தார். அவர்களைப் பார்த்ததும் வாளியைப் புல்லில் கவிழ்த்தார். பலவகைப் பந்துகள், புதியதும் பழையதும், உருண்டு குவிந்தன. தணிகாசலம் பெஞ்சின் மேல் கிடந்த மெத்துப் பந்துப் பெட்டியைப் பார்த்தார். அதை எடுத்துவந்து அந்தக் குவியலில் கொட்டினார். கையால் கலந்துவிட்டார். பிறகு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

வசுமதி கார் சாவியைப் பெஞ்சின் மேல் வைத்தார். கணவர் கொடுத்த கம்பளிக் கையுறைகளைக் கழற்றி அதன் மேல் வைத்தார். வெறும் கையோடு போய் நின்றார்.

முதல் பந்தை அடித்தார். தலையை ஆட்டினார். இன்னொன்று. உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். அதே மாதிரி இருந்த ஒன்றைக் காலால் ஒதுக்கினார். திடலில் இருந்த சின்னக் கிரீனுக்குக் கிட்ட நின்று உருட்டினார். தள்ளிப் போய் நின்று தூக்கி அடித்தார். ஒரு பந்து கிரீனில் விழுந்த இடத்திலேயே நின்றது. அதைச் சற்று நேரம் பார்த்தார். ஆனால் அதை எடுக்கப் போகாமல் வேறொன்றை அடித்தார். கிழிந்து மஞ்சளேறிய ஒன்றையும் அடித்தார். அது எங்கேயோ போனது. அதற்குத் தானே சிரித்துக்கொண்டார்.

தூரத்தில் போட்டியில் யாரோ நன்றாக அடித்திருக்க வேண்டும். கைதட்டும் சத்தம் கேட்டது. வசுமதி திரும்பவில்லை.

தணிகாசலம் இரண்டு முறை எழுந்து வாயைத் திறந்தார். இரண்டு முறையும் உட்கார்ந்துகொண்டார். கோச் வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். நடுவில் கையுறைகளுக்கு அடியிலிருந்து சாவி பாதி தெரிந்தது. தணிகாசலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோச்."

"ம்."

"சாயங்காலம் அவ என் கார்ல வருவாளுங்களா?"

கோச் திடலைப் பார்த்தார். பந்துகள் புல்லில் கிட்டவும் எட்டவும் சிதறிக் கிடந்தன. வசுமதியின் காலடியில் இன்னும் ஒன்றிரண்டுதான் இருந்தன.

"அவங்களுக்குப் பந்து தீரப் போகுது சார்" என்றார். "போய்ப் பொறுக்கிக் குடுங்க."